சைட்டேஷன் கணக்கில் சுப்பாராவ் எங்கே நிற்பார்?

கேள்வி இது: “எங்கள் கல்லூரி விழாவுக்கு ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளரை அழைத்திருந்தார்கள். முந்நூறு கட்டுரைகள், இருபதாயிரம் சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் எழுபது என்று அறிமுகம் செய்தார்கள், அரங்கமே கைதட்டியது. இந்த எண்களை வைத்து ஒருவர் உண்மையில் என்ன சாதித்தார் என்று சொல்ல முடியுமா? உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ் போன்றவர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருவார்கள்?”

சுப்பாராவ் பெயரை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. இந்த எண்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று விளக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். “இவருக்கு எத்தனை சைட்டேஷன், அவருக்கு எத்தனை” என்று அறிக்கை தயாரித்துக் கொடுத்தே பாதி நாள் போகும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாக: எண்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் கேட்பது ஒன்று, அவை சொல்வது இன்னொன்று.

ஒருவருடைய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்றுதான், “இவர் சொன்னது தவறு” என்று குறிப்பிட்டாலும் ஒன்றுதான். செய்முறையைக் கடன் வாங்கியதற்காக ஒரு வரி போட்டாலும் அதே ஒன்று. யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைக் கொண்டுவந்தபோது அது தேடுவதற்கான கருவி. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம் அதை யார் யார் தொட்டார்கள் என்று போய்ப் பார்க்கலாம். ஆளை நிறுத்துப் பார்க்கும் தராசாக அது மாறியது பிறகு நடந்த கதை. எச்-இண்டெக்ஸ் இன்னும் புதிது. ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் 2005-ல் சொன்னது. ஒருவருடைய கட்டுரைகளைச் சைட்டேஷன் வரிசையில் மேலிருந்து கீழே அடுக்குங்கள். இருபதாவது கட்டுரைக்குக் குறைந்தது இருபது சைட்டேஷன் இருந்து, இருபத்தொன்றாவது கட்டுரைக்கு இருபத்தொன்று இல்லாவிட்டால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. பத்தே கட்டுரை எழுதியவருக்கு அது பத்தைத் தாண்டவே தாண்டாது. அந்தப் பத்தும் உலகத்தையே புரட்டிப் போட்டிருந்தாலும் சரி.

இனி சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேறியதும், மாநிலக் கல்லூரியில் படித்ததும், மருத்துவம் படித்ததும் எல்லாம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திக்கொண்டு போனது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்காமல், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். மட்டும் கிடைத்தது என்பது அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் செய்தி. அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். அவருக்கும் அது வந்தது. ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் பிழைத்து, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு ஆசிரியராக இருந்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஸ்ப்ரூவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாஸ்டனில் சாப்பாட்டுக்கு வழி செய்ய ஒரு மருத்துவமனையில் இரவுநேர ஊழியராக நோயாளிகளின் மலப்பாத்திரம் கழுவினார். பகலில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகம். அங்கிருந்துதான் 1925-ல் ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி’யில் ஃபிஸ்க், சுப்பாராவ் இருவர் பெயரிலும் பாஸ்பரஸை நிறம் பார்த்து அளக்கும் முறை வெளிவந்தது.

பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே கை மணக்கும். சீரத்தில் அமிலம் ஊற்றிப் புரதத்தைத் திரள வைத்து வடிகட்ட வேண்டும். தெளிந்த நீரில் அம்மோனியம் மாலிப்டேட் சேர்க்க வேண்டும். அப்புறம் ‘ஆன்சா’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் ஒரு கரைசல். சில நிமிடம் காத்திருந்தால் சோதனைக் குழாயில் நீலம் ஏறும். பாஸ்பேட் கூடினால் நீலமும் கூடும். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் வைத்து அளந்து, ஏற்கெனவே அளவு தெரிந்த குழாய்களோடு ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது. இதற்கு முன்பும் நீலம் வரவழைக்கும் முறைகள் இருந்தன. ஆனால் அவை தாமதமாக நிறம் காட்டும், அல்லது சீக்கிரம் மங்கும். இவர்கள் சேர்த்த அந்த ஒரு பொருள்தான் வித்தியாசம்.

உயிருள்ள எதை எடுத்தாலும் அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. எலும்பு, ரத்தம், செல்லின் சவ்வு, டி.என்.ஏ. எல்லாவற்றிலும். ஆகவே உலகத்தில் எந்த ஆய்வகம் எதை ஆராய்ந்தாலும் ஒருநாள் இந்த நீலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் செய்முறைப் பகுதியில் ஒரு வரி போட்டார்கள்: “பாஸ்பேட், ஃபிஸ்க்-சுப்பாராவ் முறைப்படி அளக்கப்பட்டது.” அப்படி ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து அந்தக் கட்டுரை பல்லாயிரம் சைட்டேஷன் வாங்கியது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்தது அல்ல. உலகிலேயே அதிகம் சைட்டேஷன் வாங்கிய கட்டுரை எது என்று பார்த்தால் ஐன்ஸ்டைனும் இல்லை, டி.என்.ஏ. இரட்டைச் சுருளும் இல்லை. 1951-ல் ஆலிவர் லவ்ரியும் கூட்டாளிகளும் புரதத்தை அளக்கச் சொல்லிக்கொடுத்த கட்டுரை. 2014 கணக்கின்படி மூன்று லட்சத்துக்கு மேல். புற்றுநோய்த் துறையிலும் அப்படித்தான். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனை, நோயாளிகள் எத்தனை காலம் பிழைத்திருக்கிறார்கள் என்று படிக்கட்டுக் கோடாக வரையும் காப்லன்-மையர் முறை போன்றவைதான் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. சமையல் புத்தகம் விற்கிற அளவுக்குக் காவியம் விற்காது. அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

சரி, அந்தப் பல்லாயிரம் சைட்டேஷனாவது சுப்பாராவின் கணக்கில் ஏறியதா என்றால், அதிலும் ஒரு வேடிக்கை. அச்சில் வந்த பழைய சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். தடித்தடியான தொகுதிகள், எறும்பு வரிசை மாதிரி எழுத்து. சைட்டேஷன் வாங்கிய கட்டுரையை அதில் முதல் ஆசிரியர் பெயரில் மட்டும்தான் போடுவார்கள். ஃபிஸ்க் என்ற பெயருக்குக் கீழே போய்த் தேடினால் 1925 கட்டுரை கிடைக்கும், அதைத் தொட்டவர்கள் வரிசை வரிசையாகக் கிடைப்பார்கள். சுப்பாராவ் என்று தேடினால் இந்தக் கட்டுரையின் சுவடே இருக்காது. முறைக்கு இரண்டு பேரின் பெயர், கணக்கோ ஒருவருக்கு.

போதாததற்குப் பெயர்ச் சிக்கல். சுப்பா, ரோ என்ற இரண்டையும் ஒட்டி, நடுவில் ஆர் எழுத்தைப் பெரிதாகப் போட்டு அவர் கையெழுத்திட்டார். குறிப்பிட்டவர்கள் அதைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், ‘ராவ்’ ஆக்கினார்கள், சிலர் பின்பாதியை மட்டும் குடும்பப் பெயராக்கி முன்பாதியை இனிஷியலாக்கினார்கள். நம் ஊர் ஆட்களுக்கு இந்தத் தலைவலி இன்றும் தீரவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தைத்தான் நாம் முன்னால் போடுகிறோம். வெளிநாட்டு ஜர்னலோ குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. ஒரே ஆள் ஒரு கட்டுரையில் அப்பா பெயரிலும், இன்னொன்றில் தன் பெயரிலும், மூன்றாவதில் ஊர்ப் பெயரிலும் பதிவாகியிருப்பதை நானே எத்தனையோ முறை ஒட்டுப்போட்டிருக்கிறேன். ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக 2012-ல் வந்த ஆர்கிட் எண் இதற்காகத்தான். ஆராய்ச்சிக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, அதை இன்றே வாங்கிவிடுங்கள் என்பதுதான்.

1925-க்கும் 1940-க்கும் நடுவில் ஹார்வர்டில் அவர் செய்தவை இன்னும் பெரியவை. தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் இருப்பதை 1927-ல் ஃபிஸ்க்கும் அவரும் காட்டினார்கள். 1929-ல் ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாக அதைப் பிரித்தெடுத்தார். செல்லின் ஆற்றலுக்குச் சில்லறைக் காசு ஏ.டி.பி.தான் என்று இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அந்த 1929 கட்டுரையை இன்று யாராவது குறிப்பிடுகிறார்களா? ஏ.டி.பி. என்று எழுதும்போது யாரும் அடிக்குறிப்புப் போடுவதில்லை. அதே ஆய்வகத்தில் அன்று மாணவராக இருந்து பின்னாளில் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை வேறு ஆட்கள் பல வருடம் கழித்துத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அவருடைய பங்கை வெளியே தெரிய ஃபிஸ்க் விடவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். வெளிவராத கட்டுரைக்குச் சைட்டேஷன் பூஜ்யம். இந்தப் பூஜ்யம் எந்த அறிக்கையிலும் தெரியாது.

ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போய், சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். புற்றுநோய்க் கதை இங்கேதான் தொடங்குகிறது. தொடக்கம் மட்டும் ரத்தசோகையில்.

1930-ஐ ஒட்டி பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாறு கொடுத்தால் சரியாவதைப் பார்த்திருந்தார். அதற்குள் இருந்த பொருள்தான் போலிக் அமிலம். ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகையைத் தேற்றுவதும் அதுதான். சுப்பாராவுக்கு அது சொந்தக் கணக்கு. லெடர்லியில் அவர் கூட்டிய குழு அதன் அமைப்பைக் கண்டுபிடித்து ஆய்வகத்திலேயே தயாரித்தது. 1946-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் பதினாறு பேர் பெயர். அவர் பெயர் நடுவில்.

இதற்கிடையில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர், போலிக் அமில வகைப் பொருள்களை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்தது போலிருந்தது. அப்படியென்றால் போலிக் அமிலத்தைத் தடுத்தால்? அதற்கு எதிராக வேலை செய்யும் பொருள் வேண்டும். போலிக் அமிலத்தைப் போலவே தோற்றம், ஆனால் செல்லுக்குள் போய் உட்கார்ந்து வேலையைக் கெடுக்க வேண்டும். கள்ளச்சாவி பூட்டுக்குள் போகும், திருகினால் திரும்பாது, நல்ல சாவியையும் உள்ளே விடாது. அந்த மாதிரி. லெடர்லியின் வேதியியலாளர்கள் இப்படிப் பல பொருள்களைச் செய்தார்கள். அதில் ஒன்று அமினோப்டெரின். அதன் தயாரிப்பைச் சொல்லும் 1947 கட்டுரையில் சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட் என்று மூன்று பெயர்கள். சுப்பாராவ் இல்லை.

ஃபார்பர் அதைக் கடும் ரத்தப் புற்றுநோய் வந்த பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ அதை வெளியிட்டது. தலைப்பிலேயே “தற்காலிகத் தணிவு” என்றுதான் இருக்கும், மிகை ஒன்றும் இல்லை. நம்பாதவர்கள் நிறையப் பேர். ஆனால் அதற்கு முன்னால் மருத்துவர்கள் அந்தக் குழந்தைகளுக்குச் செய்ய முடிந்தது ரத்தம் ஏற்றுவது, வலியைக் குறைப்பது, பெற்றோருக்கு ஆறுதல் சொல்வது, அவ்வளவே. நவீன கீமோதெரபியின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் குறிப்பிடும் கட்டுரை அது. ஆசிரியர் வரிசையில் ஐந்து பேர், ஐவரும் பாஸ்டன்காரர்கள். கட்டுரைக்கு உள்ளே மருந்து சுப்பாராவ் குழுவிடமிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். நாணயமான குறிப்புத்தான். ஆனால் சைட்டேஷன் எண்ணும் இயந்திரம் ஆசிரியர் வரிசையை மட்டும்தான் படிக்கும், நன்றியுரையைப் படிக்காது.

அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

இப்போது நான் அறிக்கை எழுத உட்கார்ந்தால் என்ன வரும்? உச்சியில் பாஸ்பரஸை அளக்கும் முறை, அதுவும் இரண்டாவது பெயராக. அதற்குக் கீழே, நீண்ட ஆசிரியர் வரிசைகளின் நடுவில் போலிக் அமிலம். 1947-ல் யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசைன் பற்றிய கட்டுரைகள். 1948-ல் அவருடைய தலைமையில் இருந்த ஆய்வகத்திலிருந்தே ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வெளிவந்தது. அதை அறிவித்த கட்டுரை பெஞ்சமின் டக்கரின் பெயரில். புற்றுநோய் என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரில் தேறுவது சொற்பம். இன்றைய தேர்வுக் குழு ஒன்று இந்த அறிக்கையைப் பார்த்தால், “நல்ல அனலிட்டிகல் கெமிஸ்ட், கேன்சரில் பெரிதாக ஒன்றும் இல்லை” என்று எழுதி அடுத்த கோப்பை எடுக்கும்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட், அதுவும் லெடர்லியில் பிறந்தது. 1956-ல் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அதை வைத்து, கருவுற்ற பெண்களுக்கு நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து வரும் கோரியோகார்சினோமாவைக் குணப்படுத்திக் காட்டினார்கள். மருந்தை மட்டும் வைத்து ஒரு கட்டிப் புற்றுநோயைத் தீர்த்தது அதுவே முதல் முறை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முடக்குவாதம் உள்ள பெரியம்மா யாராவது இருந்தால் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே நாள், “தினமும் சாப்பிடக் கூடாது” என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருப்பார். கூடவே வேறொரு நாளில் சாப்பிட போலிக் அமிலம். எதிரியும் நண்பனும் ஒரே டப்பாவில், இரண்டும் ஒரே ஆய்வகத்தின் பிள்ளைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுப்பதும் அதே போலிக் அமிலம். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்களே, அந்த டி.இ.சி. மாத்திரையும் அவருடைய காலத்து லெடர்லிதான். இதில் எதைச் சாப்பிடும்போதும் யாரும் யாரையும் சைட் செய்வதில்லை.

இதற்குச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் ஒரு பெயர் வைத்தார். ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிட்டால், கண்டுபிடித்தவர் பெயர் அதற்குள்ளேயே கரைந்து மறைந்துவிடும் என்பது அதன் சாரம். உப்பு கரைந்த மாதிரி. ருசி இருக்கும், கல் தெரியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எண் குறைவாக இருப்பவரெல்லாம் சுப்பாராவ் என்று நினைத்துக்கொண்டால் அதுவும் தப்பு. அதேபோல எண் மலையளவு இருப்பதாலேயே பொய் என்றும் ஆகாது. மலை எதனால் ஆனது என்றுதான் பார்க்க வேண்டும். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை சைட்டேஷன் வாங்குகின்றன என்று சொல்லும் எண்தான் இம்பாக்ட் ஃபேக்டர். ஜர்னல்களின் அந்தப் பட்டியலில் ‘சிஏ’ என்ற அமெரிக்கப் புற்றுநோய் இதழ் வருடக்கணக்காக முதலிடத்தில் இருக்கிறது. 2020-ல் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 508.7. உலகமே மதிக்கும் ‘நியூ இங்கிலாந்து ஜர்ன’லுக்கு அந்த ஆண்டு 91. அப்படியானால் சிஏ ஐந்து மடங்கு உயர்ந்ததா? இல்லை. அது வருடத்துக்கு மிகக் குறைவான கட்டுரைகளையே வெளியிடுகிறது, அதில் ஒன்றிரண்டு உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரம். “2020-ல் உலகில் 1.93 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய்” என்று எழுத வேண்டுமானால் எல்லோரும் அந்தக் கட்டுரையைத்தான் காட்டியாக வேண்டும். புற்றுநோய் பற்றிய கட்டுரைகளில் முதல் பத்தியின் முதல் வரி கிட்டத்தட்ட அதுதானே. மறு ஆண்டே அந்த இதழின் எண் 286-க்கு இறங்கியது. இதழ் பாதியாகக் கெட்டுப்போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

அந்தப் புள்ளிவிவரம் எங்கிருந்து வருகிறது? உலகெங்கும் உள்ள புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து. அதில் ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1981-ல் தொடங்கிய சென்னைப் பதிவேடு. அதன் ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக, பரிசோதனைக் கூடம் கூடமாகப் போய், கேஸ் ஷீட்டைப் புரட்டி, பெயர், வயது, முகவரி, எந்த உறுப்பு, எந்த நிலை என்று படிவத்தில் இறக்குகிறார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு மருத்துவமனைக்குப் போயிருந்தால் இரண்டாக எண்ணிவிடக் கூடாதே. அங்கேயும் நம் இனிஷியல் தொல்லைதான்! இப்படிச் சேர்ந்த எண் மேலே மேலே போய்க் கடைசியில் பல்லாயிரம் சைட்டேஷனாகப் பூக்கும்போது, படிவம் நிரப்பியவர் பெயர் எங்கும் இருக்காது.

சரி, அதிகம் சைட்டேஷன் வாங்கியது சரியாகவாவது இருக்குமா? இதுதான் எனக்கே அதிர்ச்சி தந்த இடம். ஆம்ஜன் என்ற மருந்துக் கம்பெனியில் இருந்த கிளென் பெக்லி, லீ எல்லிஸோடு சேர்ந்து 2012-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். புற்றுநோயில் மைல்கல் என்று பேர் வாங்கிய 53 ஆய்வுகளை அவர்கள் கம்பெனியில் திரும்பச் செய்து பார்த்ததில் ஆறுதான் அப்படியே வந்தது. கட்டுரையில் ஒரு சின்ன அட்டவணை உண்டு, பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நடுத்தர இம்பாக்ட் ஃபேக்டர் உள்ள இதழ்களில், திரும்ப வராத ஆய்வுகளுக்குச் சராசரி 169 சைட்டேஷன், திரும்ப வந்தவற்றுக்குச் சராசரி 13. எந்தெந்தக் கட்டுரைகள் என்று ஆம்ஜன் சொல்லவில்லை, அதனால் அந்த எண்களை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பிறகு வெளிப்படையாகவே நடந்த மறுசோதனைத் திட்டம் 2021-ல் முடிவை வெளியிட்டது. 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்டு, 23 கட்டுரைகளின் 50 சோதனைகளை மட்டுமே முடிக்க முடிந்தது. மூலக் கட்டுரையில் செய்முறை விவரம் போதவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. முடித்தவற்றிலும் விளைவின் அளவு பெரும்பாலும் முதலில் சொன்னதைவிட மிகச் சிறிதாக இருந்தது.

அதைவிட மோசமானது டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எந்தக் கட்டிக்கு எந்த மருந்து கேட்கும் என்று மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அனில் பொட்டியும் கூட்டாளிகளும் 2006-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். சைட்டேஷன் குவிந்தது. நோயாளிகளை வைத்துச் சோதனையும் தொடங்கிவிட்டது. டெக்சாஸில் கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்தத் தரவை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒத்து வரவில்லை. உட்கார்ந்து துருவினால், மரபணுப் பட்டியல் ஒரு வரிசை கீழே நழுவியிருந்தது. ரேஷன் கார்டு பட்டியலில் ஒரு வரி தள்ளிப்போனால் அடுத்த வீட்டுக்காரர் பெயருக்கு நேரே நம் அரிசி வருமே, அதேதான். அது மட்டும் இல்லை, இன்னும் பல. 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2015-ல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் பொட்டி முறைகேடு செய்தார் என்று அறிவித்தது. அந்தக் கட்டுரை வாங்கிய சைட்டேஷன் எதுவும் அழியாது. “இது தவறு” என்று எழுதியவர்கள் போட்டதும் அதில் சேர்ந்துதான் இருக்கிறது.

காலமும் ஒரு கணக்கு. கோழிகளின் கட்டியைக் கடத்துவது செல்லைவிடச் சின்ன ஏதோ ஒன்று என்று பெய்டன் ரௌஸ் 1911-ல் எழுதினார். வைரஸால் புற்றுநோய் வருமா என்று ஊர் சிரித்தது. நோபல் வந்தது 1966-ல், அவருக்கு 87 வயது. ஐந்து வருட இம்பாக்ட் பார்க்கிற குழுவிடம் அவர் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு நிறுவனத்தில் பதவி உயர்வுக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 31, இன்னொருவருக்கு 12. அறிக்கை நான்தான் தயாரித்தேன். முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைகள், அவர் பெயர் நடுவில் எங்கோ. பன்னிரண்டுக்காரர் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கிராமங்களில் பரிசோதனை முகாம் நடத்திப் பத்து வருடம் பின்தொடர்ந்தவர். பத்து வருட வேலை ஒரே ஒரு கட்டுரையாக வந்திருந்தது. இதையெல்லாம் குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் முதல் பக்கத்து அட்டவணையோடு நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் நான் அட்டவணையைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இப்போது ஒருவருடைய பட்டியல் கையில் வந்தால் நான் மொத்த எண்ணை முதலில் பார்ப்பதில்லை. அதிகம் சைட்டேஷன் வாங்கிய ஐந்து கட்டுரைகளைத் திறந்து, அது செய்முறையா, தொகுப்புக் கட்டுரையா, புள்ளிவிவரமா, புதிதாக எதையாவது கண்டதா என்று பார்ப்பேன். அவர் பெயர் வரிசையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். நம் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் கைவேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். பிறகு குறிப்பிட்டவர்கள் யார்? அவருடைய மாணவர்களும் நண்பர்களுமே திரும்பத் திரும்பக் குறிப்பிட்டிருந்தால் அது வீட்டுக்குள்ளேயே மொய் எழுதுவது. முன்பின் தெரியாத நாட்டில், வேறு ஆய்வகம் ஒன்று அதையே செய்து பார்த்து “எங்களுக்கும் வந்தது” என்று எழுதியிருந்தால் அந்த ஒரு சைட்டேஷனுக்கு நான் நூறு மார்க் போடுவேன். கடைசியாக நன்றியுரைகள். அதைத் தேடுவது சிரமம், எந்த மென்பொருளும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஆனால் சுப்பாராவ் அங்கேதான் இருந்தார்.

உங்கள் விழாவுக்கு வந்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. எழுபது எச்-இண்டெக்ஸ் சும்மா வருவதும் இல்லை. அடுத்த முறை அப்படி ஒருவர் வந்தால், கூட்டம் கலைந்ததும் டீ குடிக்கும்போது பக்கத்தில் போய், “சார், உங்கள் பேப்பர்களில் உங்களுக்கே ரொம்பப் பிடித்தது எது?” என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட யாருமே, அதிகம் சைட்டேஷன் வாங்கியதை இதுவரை சொன்னதில்லை.